குன்மிங்: சுண்ணக்கல் எழுந்து நிற்கும் ஊர்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிறவர் கொஞ்ச மண்ணைத் தாண்டியதும் சுண்ணக்கல்லில்தான் அலவாங்கு போடவேண்டும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லைத் தண்ணீர் உள்ளுக்குள் கரைத்ததால் கிடைத்தவை. சீனாவின் தென்மேற்கில், யுன்னான் மாகாணத்தில், தண்ணீர் அதே வேலையை வெளியில் எல்லோரும் பார்க்கும்படி செய்திருக்கிறது. ஏறத்தாழ 27 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணக்கல், நிலம் உயர்ந்தபின் வெடிப்பு வெடிப்பாகக் கரைந்து, 30 மீற்றருக்கும் உயரமான தூண்களாக நிற்கிறது. இந்த இடத்தின் பெயர் ஷிலின், அதாவது கற்காடு. 2007இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மலையே இல்லாத ஊரிலிருந்து சீனாவுக்கு ஒருமுறைதான் போகமுடியும் என்றால், பெய்ஜிங்கை விட்டுவிட்டு இந்தக் கற்காட்டுக்குப் பக்கத்து நகரமான குன்மிங்குக்குப் போங்கள் என்றே சொல்வேன்.

முதலில் உயரக் கணக்கு. குன்மிங் நகரமே ஏறத்தாழ 1,890 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியா அளவு. கடல்மட்டத்திலிருந்து போகிறவருக்கு முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், இரவில் நித்திரை குழம்பும். யுன்னானில் அடுத்துப் போகும் நகரங்களில் டாலி ஏறத்தாழ 2,000 மீற்றர், லிஜியாங் 2,400. லிஜியாங்கிலிருந்து ஜேட் டிராகன் பனிமலைக்குக் கேபிள் கார் சில நிமிடங்களில் 4,506 மீற்றருக்குக் கொண்டுபோய் விடும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: பனியை முதலில் பார்க்கும் அவசரத்தில் வந்திறங்கிய அடுத்த நாளே மேலே போய், தலையிடி, சத்தியோடு இறங்குகிறார்கள். குன்மிங்கில் இரண்டு இரவு, டாலியில் இரண்டு, லிஜியாங்கில் ஒன்று, அதற்குப் பிறகே பனிமலை. அடிவாரத்தில் விற்கும் ஒட்சிசன் டப்பா சில நிமிட ஆறுதல் மட்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், நடை தள்ளாடினால், உடனே கீழே இறங்கவேண்டும். இதயம், சுவாசக் கோளாறு உள்ளவர்கள் புறப்படமுன் வைத்தியரிடம் கதைக்கவேண்டும்.

நகரம் வளர்ந்த வேகம் அதன் நிலையங்களில் தெரியும். 1999இல் உலகத் தோட்டக்கலைக் கண்காட்சிக்காக வீதிகள் அகலித்தன. 2012இல் புதிய விமான நிலையமும் மெட்ரோவும் வந்தன. 2016 டிசம்பரில் அதிவேக ரயில், 2021 டிசம்பரில் லாவோஸ் தலைநகர் வியன்டியன் வரை 1,035 கிலோமீற்றர் பாதை. இந்த வளர்ச்சி பயணிக்கு ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. நகர நடுவில் குன்மிங் நிலையம். அதிவேக ரயில்கள் பல புறப்படும் குன்மிங் நான், அதாவது தெற்கு நிலையம், தள்ளி செங்கொங் பகுதியில். ரிக்கற்றில் ‘நான்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் புறப்பட்டால் ரயில் போய்விடும். நடுவூரிலிருந்து தெற்கு நிலையத்துக்கு மெட்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஒதுக்குங்கள். அங்கிருந்து ஷிலின் ஷி நிலையம் இருபது நிமிடம் அளவில், பிறகு பஸ். டாலி நிலையமும் அப்படித்தான்: அது ஷியாகுவானில் இருக்கிறது, பழைய டாலி நகரம் பதினைந்து கிலோமீற்றர் அளவு தள்ளி.

ரயில் ரிக்கற் சீன ரயில்வேயின் 12306 செயலியில் பதினைந்து நாளுக்கு முன் திறக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். முதற்பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறிக் குழப்பம் வருவது தமிழ்ப் பெயர்களுக்கு வழக்கம். தானியங்கி வாயில் கடவுச்சீட்டை எடுக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போங்கள்.

விசா கொழும்பிலேயே எடுக்கவேண்டும். விசா இல்லாமல் 240 மணிநேரம் இடைத்தங்கவிடும் சலுகைப் பட்டியலில் இலங்கை இல்லை. காசுக்கு அலிபே செயலியைப் புறப்படமுன்னரே போட்டு, வீசா அல்லது மாஸ்டர் அட்டையை இணையுங்கள். இணைப்பை உறுதிசெய்யும் குறுஞ்செய்தி உங்கள் இலங்கை எண்ணுக்கு வருமாதலால் சீனாவில் நின்றுகொண்டு செய்வது கரைச்சல். 200 யுவானுக்குக் குறைந்த கொடுப்பனவுக்குக் கட்டணமில்லை, கூடினால் 3 வீதம். கூகுளும் வட்ஸ்அப்பும் அங்கத்தைய வைபையில் வேலை செய்யாது. இலங்கை சிம்மின் ரோமிங் தரவில் வேலை செய்யும். பவர் பேங்கில் சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாவிட்டால் உள்நாட்டு விமானத்தில் பறித்துவிடுவார்கள்.

நகரத்திலிருந்து மலைக்கு மெட்ரோவிலேயே போகலாம். மூன்றாம் பாதையின் மேற்குக் கடைசி நிலையம் மேற்குமலைப் பூங்கா. அங்கிருந்து மேலே பஸ் உண்டு. உச்சிப் பக்கத்தில் லோங்மென், டிராகன் வாசல். 1781 முதல் 1853 வரை செங்குத்துப் பாறையில் கையால் குடைந்த ஒடுங்கிய பாதையும் குகைக் கோயில்களும். கீழே தியன்சி ஏரி விரிந்து கிடக்கும். கதிரைக் கேபிளில் மேலே போய் நடந்து இறங்குவது முழங்காலுக்கு நல்லதல்ல என்பவர்கள் மாறிச் செய்யலாம். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். பிறகு குகைப்பாதையில் ஆளையாள் இடிக்கும்.

காலம்: மே முதல் ஒக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு, ஏரியில் சைபீரியாவிலிருந்து வரும் செம்மூக்குக் கடற்காகங்கள். 1985 முதல் வருடந்தோறும் வருகின்றன. வெயிலில் மெல்லிய சட்டை போதும், பொழுதுபட்டால் கம்பளிச்சட்டை வேண்டும்.

சாப்பாட்டில், ‘பாலம் கடந்த’ அரிசி நூடுல்ஸ் எங்கள் இடியப்பத்தின் உறவு. சூப்பின்மேல் எண்ணெய்ப் படலம் இருப்பதால் ஆவி வராது, ஆறியது போலிருக்கும், வாயை வைத்தால் அவிந்துபோகும். முதலில் பச்சை இறைச்சியும் முட்டையும், பிறகு மரக்கறி, கடைசியில் நூடுல்ஸ் போடுவது முறை. சூப் கோழி, பன்றி எலும்பில் வைப்பது. சைவம் என்றால் ‘வோ ச்சி சு’ என்று சொல்லி, பன்றி எண்ணெய் வேண்டாமென்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டுங்கள். யுவான்தொங் கோயில் பக்கம் சைவச் சாப்பாடு கிடைக்கும். மழைக்காலக் காளான் அருமையானது. ஆனால் வெட்டினால் நீலமாகும் வகை அரைவேக்காடானால் இல்லாததெல்லாம் கண்முன் தெரியும். கடைக்காரர் நேரம் சொல்லும்வரை சட்டியில் கரண்டி போடவேண்டாம்.

ஒரு நாள் மிஞ்சினால் ஏரியின் தென்கரைக் குன்யாங்குக்குப் போங்கள். மிங் காலச் சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹே பிறந்த ஊர். அவர் 1409இல் பொறிப்பித்த, காலியில் கிடைத்த கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. அந்தத் தமிழ் தெனவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரத் திருமாலுக்கு, காணிக்கை சொல்கிறது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். குன்யாங் குன்றுப் பூங்காவில் அவர் தகப்பனுடைய கல்லறைக் கல்வெட்டு நிற்கிறது, 1405இல் எழுதியது. விசாவுக்குக் கொழும்பு போகும் நாளில் காலிக் கல்லை முதலில் பார்த்துவிட்டுப் போனால், குன்யாங் கல்வெட்டின் முன் கூடுதல் நேரம் நிற்பீர்கள்.