இழுவை குறைந்த டர்போ டீசல்: ஏர்ஃப்ளோ சென்சாரைச் சோதித்தது

1.5 லிட்டர் டர்போ டீசல் கார். கொஞ்ச நாளாக 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவையே இல்லை. பணகுடிப் பக்கம் ஆடிக் காற்று எதிரே அடித்தால் நாலாவது கியரிலும் முனகியது. கரும்புகை இல்லை, விசில் சத்தம் இல்லை. புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பி0101 என்ற ஃபால்ட் கோடு வந்தது. என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் சொல்லும் அளவு, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எதிர்பார்த்ததோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். ஹோஸ் கிழிந்தாலும், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே கோடு வரலாம். ஒர்க்‌ஷாப்பில், “டர்போ போயிருக்கும் அண்ணாச்சி, எறக்கிப் பாத்திருவோம்” என்றார்கள். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் பகுதி; அதை இறக்குவது பெரிய செலவு. அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று என்றால் விநாடிக்கு சுமார் 10.6 லிட்டர். நம்மூர் வெயிலில் சூடேறிய காற்று லிட்டருக்கு 1.1 கிராம் சொச்சம்தான். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்று 15 சதவீதம் கழித்தால் விநாடிக்கு 10 கிராம் அளவில் வர வேண்டும். ஸ்கேனர் காட்டியது 6.

இதை வைத்தே சென்சார் மீது பழி போட முடியாது. இஜிஆர் திறந்திருந்தால் புகையும் சேர்ந்து உள்ளே போகும். அந்த அளவுக்குப் புதுக் காற்று குறையும். ஆகவே பழைய எண்ணெய் டின்னில் ஒரு தகடு வெட்டி, இஜிஆர் பைப் இணையும் ஃபிளாஞ்சில் வைத்து அடைத்தேன். சோதனைக்கு மட்டும்தான், அப்புறம் கழற்றிவிட்டேன். அப்போதும் 6.

அடுத்தது ரோட்டில். மச்சினனை ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றடைப்பு தாண்டி நாலுவழிச் சாலை காலியாக இருந்த இடத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர். “அத்தான், மூவாயிரத்துல பூஸ்ட் 210, காத்து 48தான்” என்றான். அதாவது விநாடிக்கு 48 கிராம். எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். பூஸ்ட் என்பது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்; 210 கிலோபாஸ்கல் என்றால் வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம். டர்போ ஒழுங்காக ஊதுகிறது, ஹோஸ் எதுவும் பெரிதாக ஒழுகவில்லை. அந்த அழுத்தத்துக்கு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு 60 டிகிரி வெப்பம் என்று வைத்தாலும், காற்று 70 கிராமைத் தாண்டியாக வேண்டும். ஹோஸ் ஒழுகினால் நேர்மாறாக இருக்கும்: பூஸ்ட் குறையும், சென்சார் வழியே போகும் காற்று அந்த அளவுக்குக் குறையாது. காற்று குறைவு என்று நம்பிய ஈசியூ, புகை வராமலிருக்க டீசலைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. கரும்புகை இல்லாததும் அதனால்தான்.

வயரிங் பக்கம் பிரச்சினை இல்லை; மல்டிமீட்டரில் பேட்டரி வோல்டேஜ் வந்தது, எர்த்தும் சரி. சென்சார் பிளக்கைக் கழற்றி ஓட்டினால் இழுவை திரும்பியது, ஏனென்றால் ஈசியூ அப்போது தன்னிடமுள்ள மாற்று மதிப்பை வைத்து ஓடும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். 6 என்பது 7 ஆனது. பட்ஸால் தேய்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்; சென்சாருக்குள் இருக்கும் ஃபிலிம் அவ்வளவு மெல்லியது. கடைசியாக, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சென்சாரை மாற்றிப் போட்டதும் ஐடிலில் 9.8.

காரணம் ஃபில்டர் பெட்டியில் இருந்தது. ஒரு கிளிப் உடைந்து மூடி லேசாகத் தூக்கியிருந்தது. ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்திலும் திசையன்விளைத் தேரியின் செம்மண் தூசி. சென்சாரில் சூடேற்றிய ஃபிலிம் ஒன்று இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும் வேகத்தை வைத்துத்தான் அளவு தெரியும். தூசி படிந்தால் போர்வை போர்த்தியது மாதிரி. சூடு வெளியேறாது, காற்று குறைவாக வருகிறது என்று கணக்கு சொல்லும்.

புது சென்சார் போட்டு, ஃபால்ட் கோடை அழித்து, அதே சாலையில் பார்த்தோம். பூஸ்ட் அதே 210, காற்று 71. கிளிப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. இப்போதைக்கு மூடியை கேபிள் டை பிடித்துக்கொண்டிருக்கிறது.