சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பு: ஓடுவதற்கு முந்தைய இரண்டு விநாடி

"கூப்பிட்டா வரவே மாட்டேங்குது" என்பதுதான் சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு நாய் இனங்களை வளர்ப்பவர்கள் அதிகம் சொல்கிற புகார். வீட்டுக்குள் பேர் சொன்னதும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற அதே நாய், தெருவில் ஒரு பூனையைப் பார்த்துவிட்டால் காது கேட்காததுபோல ஆகிவிடுகிறது. இதை அடங்காமை என்று நினைத்து அடிக்கிறவர்களும் உண்டு. அடங்காமை இல்லை. கண்ணால் பார்த்து, துரத்தி, ஆள் உத்தரவுக்குக் காத்திராமல் தானே முடிவெடுத்துப் பிடிப்பதற்காகத்தான் இந்த நாய்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். கரிசல் காட்டில் முயல் கிளம்பினால் வளர்த்தவர் வாயைத் திறப்பதற்குள் நாய் பாதி தூரம் போயிருக்க வேண்டும். நின்று திரும்பிப் பார்க்கிற நாயை அந்தக் காலத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, கர்நாடகத்து முதோள் எல்லாம் இதே வகைதான். சைட் ஹவுண்ட் என்று சொல்வார்கள்.

(முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "சும்மா பழக்குறதுக்கு" என்று காட்டில் விடுவதும் அதில்தான் சேரும். அந்தப் பக்கம் இந்தப் பதிவு போகாது.)

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு இனங்களின் பேரைச் சொன்ன பிறகு அபார்ட்மெண்டில் இருப்பவர்களும் இந்த நாய்களைத் தேட ஆரம்பித்தார்கள். அபார்ட்மெண்டில் வளர்க்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் இவ்வளவு அமைதியான நாய் கிடைப்பது கஷ்டம்; நாளில் பெரும்பகுதி தூங்கித்தான் கழிக்கும். சிக்கலெல்லாம் வாசலைத் தாண்டியதும்தான்.

ஓட ஆரம்பித்த நாயைக் கூப்பிடுவது வீண். ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. முதலில் வாய் மூடும், மூச்சிரைப்பு நிற்கும். கழுத்து நீளும், காதின் அடிப்பாகம் முன்னால் வரும், வால் விறைக்கும். முன்னங்கால் ஒன்று லேசாகத் தூக்கி நிற்கலாம். பிறகு பின்னங்கால்கள் உடம்புக்கு அடியில் போகும். அதற்கு அடுத்தது பாய்ச்சல். இதெல்லாம் சேர்ந்தே இரண்டு, மூன்று விநாடிதான். பயிற்சி முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்க வேண்டும். அதனால் நடக்கப் போகும்போது செல்போனைப் பையில் போடுங்கள். நாய் பார்ப்பதற்கு முன்னால் ஆட்டையும் பூனையையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆரம்பம் வீட்டுக்குள். பேரைச் சொல்லுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்த அதே நொடியில் நாக்கால் ஒரு "டக்" சத்தம், உடனே தின்பண்டம். வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டால் போதும். ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, மூன்று நிமிடம், அவ்வளவுதான். நாளைக்கு நாலைந்து தடவை செய்யலாம். லாப்ரடார் மாதிரி அரைமணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யாது. ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து போய்ப் படுத்துவிடும். அப்படிப் போனால் தப்பு நாயுடையதல்ல, நேரத்தை இழுத்தவருடையது.

வீட்டுக்குள் பத்துக்குப் பத்து சரியாக வந்த பிறகு வெளியே. மேய்கிற ஆடோ கட்டிப்போட்ட கோழியோ இருக்கிற இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாய் அதைப் பார்க்கட்டும். பார்த்துக்கொண்டு வாய் திறந்தபடி இருக்கும்போதே "டக்". தலை உங்கள் பக்கம் திரும்பினால் துண்டு. திரும்பவில்லையா? ஈரலை மூக்குக்கு நேரே நீட்டியும் கண்டுகொள்ளவில்லையா? கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்து மீட்டர் பின்னால் போங்கள். அங்கே சுலபமாகத் திரும்பினால் அடுத்த நாள் ஐந்து மீட்டர் முன்னால். பலரும் கெடுப்பது இந்த இடத்தில்தான்: ஒரு நாள் நன்றாகச் செய்துவிட்டது என்று மறுநாள் நேராக ஆட்டு மந்தைக்குள் கூட்டிப்போவார்கள். தூரம் குறைவது மட்டுமல்ல, எதிரே இருப்பது ஓடுகிறதா நிற்கிறதா என்பதும் கணக்கு. நிற்கிற ஆட்டுக்கு இருபது மீட்டர் தாங்குகிற நாய், ஓடுகிற ஆட்டுக்கு நூறு மீட்டரிலும் தாங்காமல் போகலாம். ஓடுவதற்குத் தனியாக, அதைவிடத் தள்ளி நின்று முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

"உட்கார்" சொல்லிக்கொடுக்க மல்லுக்கட்டாதீர்கள். தொடை நீளம், பின்பக்கத்தில் கொழுப்பு குறைவு. சிமெண்ட் தரையில் உட்காருவது பல நாய்களுக்கு வசதியாக இருக்காது. "நில்", "படு" இரண்டும் போதும். "படு" பழக்கும்போது கீழே ஒரு மடித்த போர்வை இருக்கட்டும்.

கூப்பிடுவதற்கு ஒரு விசில் ஒதுக்குங்கள். விசில் ஊதினால் அன்றைக்குக் கிடைப்பதிலேயே பெரிய விருந்து, ஒவ்வொரு தடவையும். குளிப்பாட்ட, ஊசி போட, கட்டிப்போட விசில் ஊதக் கூடாது. நாலு தடவை அப்படி ஊதினால் அந்த விசில் செத்துப்போகும். குரலை உயர்த்தினாலோ கையை ஓங்கினாலோ இவை எதிர்க்காது. வாலை உள்ளே மடக்கி, தலையைத் தாழ்த்தி, அப்படியே உறைந்து நிற்கும். பணிந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அந்தக் கைக்கு எட்டாத தூரத்தைக் கற்றுக்கொள்கிறது. நன்றாகப் பழகிய விசிலும் ஓடும் முயலுக்கு முன்னால் தோற்கலாம். வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்பது என் கட்சி, நாய் எவ்வளவு பழகியிருந்தாலும்.

கழுத்துப்பட்டை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். சாதாரண பக்கிள் பட்டை போட்டால், பயந்து பின்னால் இரண்டு எட்டு வைத்ததும் தலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். நாலு செ.மீ. அகலமாவது உள்ள மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். அதில் பெரிய வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று. இழுத்தால் சின்னது பெரியதைக் கொஞ்சம் இறுக்கும், விட்டால் தளரும். அளவு பார்ப்பது இப்படி: காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் ஒடுங்கிய இடத்தில் வைத்து கயிற்றை இழுங்கள். பெரிய வளையத்தின் இரண்டு நுனிகளும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முட்டினால் பட்டை பெரிது, தலை வழியாகக் கழன்றுவிடும். இழுத்த நிலையில் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். வீட்டுக்குள் இதைக் கழற்றிவிடுங்கள். தொங்குகிற வளையம் கேட்டுக் கம்பியில் மாட்டினால் நாய் இழுக்க இழுக்க இறுகும்.

கயிறு ஆறடி, நீளம் மாறாதது. பட்டனை அழுத்தினால் நீளுகிற டப்பாக் கயிறு இந்த நாய்க்கு ஆகவே ஆகாது. ஐந்து மீட்டருக்குள் நல்ல வேகம் எடுத்துவிடும். கயிறு தீர்கிற இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில் வந்து நிற்கும். திறந்த மைதானத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டிப் பழக்க வேண்டும் என்றால் கழுத்தில் கட்டாமல் ஹார்னெஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற வார்) கட்டுங்கள். நெஞ்சுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் மூன்றாவதாக ஒரு வார் உள்ள ஹார்னெஸ்தான் கழலாது.

வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று அழுத்திச் சொல்வேன்: மொட்டை மாடி. மூன்றடிக் கைப்பிடிச் சுவர் இந்த நாய்க்குச் சுவரே இல்லை. சுவர்மேல் அணிலோ காக்கையோ உட்கார்ந்திருக்கும், நாய் பாயும், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாயாது. மாடியில் தனியாக விடவே கூடாது, கூட இருந்தாலும் கயிறு கையில் இருக்க வேண்டும். கீழே காம்பவுண்டு ஆறடி இருந்தால் நல்லது. சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு, நிறுத்திய ஸ்கூட்டர் எதுவும் இருந்தால் சுவர் உயரத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் இல்லாமலும் முடியாது. நாலு பக்கமும் அடைத்த இடம் கிடைத்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். ஐந்தடிக் கம்பு, நுனியில் ஆறடிக் கயிறு, அதில் பழைய துணி: இதைத் தரையோடு இழுத்தால் ஆள் ஓடாமலே நாயை ஓட்டலாம். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு, இருபது விநாடி ஓட்டம், இரண்டு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. துணியைப் பெரிய வட்டமாக இழுங்கள். சட்டென்று திருப்பினால் மணிக்கட்டும் விரலும் பிசகும். உயரே தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு இது வேண்டாம், எலும்பு நுனிகள் இன்னும் மூடியிருக்காது. கடைசியில் துணியைக் கட்டாயம் பிடிக்க விடுங்கள், பிடித்ததை ஈரலுக்கு மாற்றி வாங்குங்கள். பிடிக்கவே விடாமல் ஏய்த்தால் வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காமல் அலையும்.

நம் ஊர் வெயிலுக்குப் பழகிய இனம் என்பதால் மதியம் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. முழு வேக ஓட்டத்தில் உடம்புச் சூடு வேகமாக ஏறும். காலை ஆறரைக்குள் முடியுங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதில் படக் கூடாது. ஓடி முடித்தும் இரைப்பு குறையவில்லை, ஈறு கருஞ்சிவப்பாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அங்கேயே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆஸ்பத்திரி அதற்கு அடுத்தது.

சாப்பாட்டில் ஊர் வழக்கம் கம்பங்கூழும் மோரும். வயிறு நிறையும், புரதம் பத்தாது. 18 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம், முட்டை இரண்டு, அரிசி 140 கிராம் (வேகவைப்பதற்கு முந்தைய எடை), ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். எலும்பு இல்லாத சாப்பாட்டில் கால்சியம் பத்தாது. முட்டை ஓட்டை வறுத்து மாவாக அரைத்து அரை டீஸ்பூன் சேர்க்க வேண்டும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கை அப்படியே பாதியாக்கிப் போடாதீர்கள், அதற்கு டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை எதுவும் ஆகாது. நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் இரண்டு மணி நேரம் பின்னாலும் சாப்பாடு வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை, அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது சரியான எடை. "பட்டினி போடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். முதுகெலும்பு முள்ளாகத் துருத்தினால்தான் யோசிக்க வேண்டும். உடம்பில் கொழுப்பு இல்லாததால் வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும், சில நாய்க்கு நீர்க்கட்டி வரும். நாலு அங்குல மெத்தை ஒன்று போடுங்கள். ஆழ்ந்து தூங்கும்போது சட்டென்று தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பேர் சொல்லி, கண் திறந்த பிறகு தொடலாம்.

தோல் காகிதம்போல மெல்லிசு. முள்வேலியில் உரசினாலே கிழியும். உப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தத் துணி கட்டி, தையல் போடக் கொண்டுபோங்கள். காப்பித்தூள் வைத்தால் டாக்டருக்கு அதைச் சுரண்டி எடுக்கிற வேலை கூடும். காலை நொண்டினால் முதலில் பாதத்துக்குள் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சர்வசாதாரணம். உண்ணி மருந்தை வருடம் முழுக்க விடாமல் கொடுக்க வேண்டும். நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். கிரேஹவுண்டுகளுக்கு மற்ற நாய்களைவிடச் சிவப்பணு அளவு அதிகமாகவும் தட்டணு குறைவாகவும் இருப்பது இயல்பு; உங்கள் நாய்க்கு எது இயல்பு என்பதை அந்தத் தாள் சொல்லும். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் "இது சைட் ஹவுண்ட் வகை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயோபென்டோன் கொடுத்த கிரேஹவுண்டுகள் மயக்கம் தெளிய மிக நீண்ட நேரம் எடுக்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் சிப்பிப்பாறையைப் பார்த்து எல்லாருக்கும் அது ஞாபகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது.

பூனை, கோழி உள்ள வீடு என்றால்: வீட்டுக்குள் ஒரே பாயில் பூனையோடு தூங்குகிற நாய், அதே பூனை தோட்டத்தில் ஓடினால் துரத்தும். இரண்டையும் ஆள் இல்லாமல் வெளியே சேர்த்து விடாதீர்கள். அறிமுகப்படுத்தும் நாட்களில் கம்பி வாய்க்கூடை போட்டு வையுங்கள். மூச்சிரைக்க, தண்ணீர் குடிக்க வாய் திறக்கிற அளவு இருக்க வேண்டும், துணிப்பட்டையால் வாயைக் கட்டக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் தப்பி ஓடிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். ஓடினால் நாயின் கண்ணுக்கு அது கூட்டு வேட்டை, இன்னும் வேகம் எடுக்கும். கயிறு விடுபட்ட இடத்திலேயே ஒருவர் நிற்கட்டும்; துரத்தியது கையை விட்டுப் போனதும் பல நாய்கள் கிளம்பிய இடத்துக்கே வட்டமடித்து வரும். வீட்டுக் கேட்டைத் திறந்து வையுங்கள். கண்ணில் பட்டால் விசில் ஊதி, எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள், அல்லது தரையில் உட்காருங்கள். கிட்டே வந்ததும் பட்டையைப் பாய்ந்து பிடிக்காமல் முதலில் ஈரலைக் கொடுங்கள், தின்னும்போது மார்ட்டிங்கேலைத் தலை வழியாகப் போடுங்கள். திட்டாமல் வீட்டுக்குக் கூட்டிவந்து, நாலு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். அந்த வேகத்தில் ஓடிய நாய்க்கு அடிப்பாதம் உரிந்திருந்தாலும் வலி மறுநாள்தான் தெரியும்.