அப்பாவின் டயாலிசிஸும் வயிற்றுப்புண்ணும்

ஜூன் 3, செவ்வாய்
டயாலிசிஸ் பாதியில் அப்பாவின் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கியது. நீர் அதிகமாக எடுத்தாலும் இப்படி ஆகும். ஆனால் ஹீமோகுளோபின் 9.8லிருந்து 7.1க்கு வந்திருந்தது. நர்ஸ் துருவிக் கேட்ட பிறகுதான், காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை அப்பா சொன்னார். வயிற்று வலி துளியும் இல்லையாம்.

ஜூன் 4, புதன்
எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண். கசிந்த ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டார்கள். டாக்டர் நிதானமாக விளக்கினார். சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளை மந்தமாக்கும்; எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை சரியாக ஒட்டாது. அதன்மேல் டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெபாரின், இதயத்துக்கு ஆஸ்பிரின், எழுபதைத் தாண்டிய வயது. மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகளும் சேர்ந்தால் இரைப்பையின் பாதுகாப்புப் படலமே பலவீனமாகிவிடும். வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் ரத்தம் கசியலாம் என்றார். எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஜூன் 5, வியாழன்
இன்று ஹெபாரின் இல்லாமல் டயாலிசிஸ். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க அவ்வப்போது சலைன் விட்டுக் கழுவினார்கள். ரத்தமும் அப்போதே ஏற்றினார்கள். அதனோடு வரும் கூடுதல் நீரையும் பொட்டாசியத்தையும் இயந்திரமே எடுத்துவிடுமாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

ஜூன் 8, ஞாயிறு
இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பும் அந்தக் கடும் நாற்றமும் இருந்தால் ரத்தம் என்றே நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேல்வயிற்றில் ரத்தம் கசிந்தால் ரத்தத்தில் யூரியா என்ற கழிவு கூடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஏற்கெனவே அதிகம் என்பதால் அந்தத் துப்பு எளிதில் கண்ணில் படாது. அப்புறம், நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துகளும் கூடாது. சிறுநீரகம் வெளியேற்றாததால் அவை உடம்பிலேயே தங்கிவிடும்.

ஜூன் 14, சனி
ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. ரத்தம் கசியும் நேரத்துச் சோதனையில் கிருமி தப்பிவிடலாம் என்பதால், மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அல்சருக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்குத்தான் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினை நீண்ட நாள் நிறுத்த முடியாது. இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலுடன் சேர்த்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஹெபாரினை எப்போது, எந்த அளவில் மீண்டும் தருவது என்பதைச் செவ்வாயன்று கேட்க வேண்டும்.