கோடை ஏரியில் துடுப்பும் தூண்டிலும்

மே 13, 2025, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, இன்று விடியும் முன்னே மதுரையை விட்டுக் கிளம்பிவிட்டோம். அக்கா, அக்கா மகன், நான். பையனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. "கோடைக்கானல்ல மீன் பிடிக்கணும் மாமா" என்று பங்குனியிலிருந்தே நச்சரிப்பு.

காமக்காபட்டி சோதனைச்சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். உயர் நீதிமன்ற உத்தரவால் போன வருஷம் மே மாதம் வந்த ஏற்பாடு. சிலர் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு இதில் முழு உடன்பாடு. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டி ஏற வேண்டும்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் கூட்டமான கூட்டம். பாறையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே பையன் கேட்டான்.

"இந்தத் தண்ணி எங்கருந்து மாமா வருது?"

"நாம போற ஏரியிலேருந்துதான்டா. அங்க நெறஞ்சு வழியிறதுதான் இங்க விழுது."

"அப்ப ஏரியில எதைப் போட்டாலும் இங்க வந்துருமா?"

கரையில் நின்ற யாரோ சிப்ஸ் உறையைக் கசக்கிக் கீழே போட்டதை அவன் பார்த்திருக்கிறான். கரைகிற எதுவும் வந்துவிடும் என்றேன். அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 14, புதன்

காலையில் துடுப்புப் படகு. மிதி படகு வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மிதி படகில் போனால் கரையைத்தான் பார்ப்போம், துடுப்புப் போட்டால் தண்ணீரைப் பார்ப்போம். உயிர்காப்பு உடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினோம்.

படகுக்கார அண்ணன் நல்ல மனுஷர். பையன் கேட்டதும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார். "கையால இழுக்காத தம்பி, முதுகால இழு. காலை நல்லா ஊணிக்க. துடுப்பு முழுசா முங்க வேணாம், இலை முங்கினாப் போதும்." நாலைந்து இழுப்பில் தாளம் பிடிபட்டுவிட்டது. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "படகுக்குப் பின்னாடி, உன் கண்ணெதிர தெரியிற ஒரு மரத்தைப் பார்த்துக்க, அது நகராம இருந்தா நேராப் போறேன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். எனக்கே இது புதுசு.

கரையோரம் திரும்பும்போது துடுப்பில் நீர்ப்பாசி சுற்றிக்கொண்டது. நீளம் நீளமாக, வழுவழுவென்று பச்சைக் கொடி. எடுத்துப் போட எடுத்துப் போட அடுத்த இழுப்பில் மறுபடியும் வருகிறது. விடுதிகளும் வீடுகளும் நெருங்கிய மலைச்சரிவின் கழிவுநீர் சேரச் சேர ஏரிக்கு உரம் கூடிக்கொண்டே போகும். பாசிக்கு அதுதான் தீனி. வெட்டி எடுப்பதோடு நிற்காமல் சாக்கடையை மறிக்க வேண்டும்.

இது தானாக உண்டான ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்குக் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். மலைமடிப்புகளுக்குள் தண்ணீர் விரல் விட்டதால் நட்சத்திர வடிவம். பரப்பு சுமார் 24 ஹெக்டேர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்கிறார்கள். வண்டிச்சாலை இல்லாத காலம். பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் மலைப்பாதையில் குதிரையும் ஆள்சுமையும்தான். அந்தப் படகைத் தோளில் சுமந்த ஆட்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

தூண்டில் நாள். மீன்வளத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, கூட்டம் இல்லாத ஒரு வளைவில் உட்கார்ந்தோம். கண்மாயில் பிடிப்பதுபோலவே மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, சின்ன ஈயக்குண்டு. முள் நுனியில் மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் சின்னப் பின்கூரை மட்டும் குறட்டால் நசுக்கிவிட்டேன், பிடித்ததைக் காயமில்லாமல் விடுவதற்கு. இரை கோதுமை மாவு உருண்டை. அக்கா அதில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் பிசைந்து தந்தாள்.

கெண்டை பாய்ந்து கவ்வாது. இரையை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை லேசாக நடுங்கும். அப்போது இழுத்தால் போச்சு. சாய்ந்து ஒரு பக்கமாக நகர ஆரம்பித்ததும் சுண்ட வேண்டும். பையன் அவசரப்படவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, சரியான நேரத்தில் சுண்டினான். கம்பு வில்லாக வளைந்தது.

கண்ணாடிக் கெண்டை. கையை நனைத்துக்கொண்டு தூக்கிக் காட்டினேன். முதுகோரமும் விலாவிலும் மட்டும் எட்டணா அளவில் சில பெரிய செதில்கள், மீதி உடம்பு வெறும் தோல், பழுப்பும் பொன்னுமாக. வாயோரம் இரண்டு ஜோடி மீசை. வாய் குழாய்போல நீண்டு நீண்டு உள்ளே போனது. தாடையில் பல் கிடையாது, பல் தொண்டைக்குள். இந்த இனம் 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அம்மாவைக் குழம்பு வைக்கச் சொல்லலாமா மாமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். காரணத்தை மறைக்காமல் சொன்னேன், அவனுக்கு வயது பன்னிரண்டு ஆகிறது.

இந்த ஊரில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்ததும் 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் நியாயத்துக்காகப் பதினைந்து வருஷம் போராடினார்கள். ஆலை ஏரிக்கரையில் இல்லை, பாம்பாறு சோலை விளிம்பில் இருந்தது. ஆனால் பாதரச ஆவி காற்றோடு போகும். ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். வண்டலில் வாழும் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற நச்சாக மாற்றும். அது புழுவுக்குள் போய், புழுவைத் தின்னும் மீனின் சதையில் தங்கும். கெண்டை மண்ணைக் கிளறித் தின்கிற மீன். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. வயிற்றுப் பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான் பாதிப்பு அதிகம்.

"மீன் என்ன பண்ணுச்சு மாமா?" என்றான். ஒன்றும் பண்ணவில்லை. தண்ணீருக்குள் மீனைத் தலை முன்பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் சீராக அடித்ததும் வாலை உதறிப் போய்விட்டது.

இரவு அக்கா முட்டைக் குழம்பு வைத்தாள்.

மே 16, வெள்ளி

நல்ல மழை. படகுத்துறைப் பக்கம் போகவே இல்லை. மிளகாய் பஜ்ஜியும் இஞ்சி டீயுமாக ஜன்னலோரம் பொழுது போனது.

"இங்க டிரௌட் இல்லையா மாமா?" என்று கேட்டான், எங்கோ படித்திருக்கிறான். டிரௌட் குளிர்நாட்டு மீன். அதை நீலகிரிக்குக் கொண்டுவர மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்றதும் இந்த ஏரி உண்டான அதே 1863-இல்தான். அது பலிக்கவில்லை. மெட்ராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகே அங்கே ஓடைகளில் நிலைத்தது. டிரௌட்டுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, கலங்காத தண்ணீர் வேண்டும். ஏரியில் மீன் இருக்கிறது என்பதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, எந்த மீன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கெண்டை கலங்கலிலும் பிழைக்கும்.

மே 17, சனி

மன்னவனூர். போகிற வழியில் பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டோம். அக்கா மலைப்பூண்டு வாங்கினாள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டு. காரமும் மணமும் கீழ்நாட்டுப் பூண்டுக்குக் கிடையாது.

மன்னவனூர் ஏரியில் பரிசல். புல்வெளி நேராகத் தண்ணீரில் வந்து இறங்குகிறது, நடுவில் கடையும் இல்லை, கட்டடமும் இல்லை. பரிசலுக்கு முன்னும் பின்னும் கிடையாது. வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் துழாவவில்லை என்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். கோடை ஏரியில் படித்த பாடம் இங்கே செல்லாது என்று பையனுக்கு உடனே புரிந்துவிட்டது. பரிசல்காரர் செய்வதைப் பார்த்து, முன்னால் குனிந்து தண்ணீரைத் தன் பக்கம் வாரி இழுத்தான். பரிசல் நகர்ந்ததும் அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு. இங்கே தூண்டில் எடுக்கவில்லை, வனத்துறை இடம்.

திரும்பும் வழியில் கேட்டான். "அந்த ஏரி மீன்ல இப்பவும் பாதரசம் இருக்கா மாமா? 2006-ல பார்த்தது, இப்ப குறைஞ்சிருக்கும்ல?"

நியாயமான கேள்வி. படகுத்துறையில் கட்டணப் பலகை இருக்கிறது, விதிமுறைப் பலகை இருக்கிறது. மீனைப் பரிசோதித்த தேதியும் அளவும் ஒரு பலகையில் இருந்தால் கரையோரம் தூண்டில் போட்டுக் குழம்பு வைக்கிற குடும்பங்களுக்கு எவ்வளவு உதவி. சுற்றுலா வந்தவன் மீனை விட்டுவிட்டுப் போய்விடுவான், இங்கேயே இருப்பவர்கள்தான் தின்கிறார்கள்.

ராத்திரி உட்கார்ந்து மீன்வளத்துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், எந்தெந்த மீன், எவ்வளவு பாதரசம். பையன் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னான்: வெள்ளி நீர்வீழ்ச்சித் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? சேர்த்துவிட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் திங்கட்கிழமை மதுரையிலிருந்து பதிவுத் தபாலில் போகும். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.