ஜீன்ஸுக்கு 40 நாள் லீவு

ஈஸ்டருக்கு முன்னாடி கிறிஸ்தவங்க நோன்பு இருக்கிற தவக்காலம்னா இறைச்சி, இனிப்புனு ஆளாளுக்கு ஒண்ணை விடுவாங்க. நான் இந்த வருஷம் ஜீன்ஸை விட்டுட்டேன். தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனிலிருந்து பாவாடை, கவுன் மட்டும்தான்.

பக்தியா, வீம்பானு கேட்காதீங்க, ரெண்டும் உண்டு. அலமாரியில தேறினது மொத்தமே 5. துவைச்சது காயலைன்னா ஈரத்தோட இஸ்திரி போட்டு ஓட வேண்டியதுதான். ஆனா நிஜமான தவம் எதுன்னா, பாக்கெட் இல்லாம இருக்கிறது! நேத்து மாடிப்படியில காத்து தூக்கி அடிக்குது. ஒரு கையில பை, மறு கையில பாவாடை, சாவி வாயில.

ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினா 46 நாள். நடுவுல வர்ற 6 ஞாயிறு கணக்குல சேராது, அதான் 40. அப்போ ஞாயித்துக்கிழமை மட்டும் ஜீன்ஸ் போட்டுக்கலாமோ? மேல்தட்டுலேர்ந்து அது என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு.