'படும்' என்று முடியும் வாக்குறுதிகள்

செய்தித்தாள் ஒன்றில் உதவி ஆசிரியராக வேலை. தேர்தல் வந்துவிட்டால் நிருபர்கள் அனுப்பும் பிரச்சாரப் பேச்சுகளைச் சுருக்கித் தலைப்புப் போடுவதிலேயே பொழுது போய்விடும். இத்தனை வருஷத்தில் சில சொற்கள் கண்ணில் பட்டாலே கை நின்றுவிடுகிறது. 'ஆவன செய்யப்படும்', 'போர்க்கால அடிப்படையில் தீர்க்கப்படும்', 'வாழ்வாதாரம் மேம்படுத்தப்படும்'.

இந்தப் 'படும்' எழுவாயை விழுங்கிவிடுகிறது. 'பாலம் கட்டுவேன்' என்று ஒருவர் சொன்னால், பின்னால் அவரிடமே போய் 'பாலம் எங்கே?' என்று கேட்கலாம். 'பாலம் அமைக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் யாரைக் கேட்பது? மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டாலும் அது நடவடிக்கைதான்.

இதில் என் பங்கும் உண்டு. ஒரு வேட்பாளர், 'குடிநீர்ப் பிரச்சினைக்கு முன்னுரிமை அளிக்கப்படும்' என்று பேசியிருந்தார். தலைப்பு நீளமாக வந்தது. பக்கம் முடிக்கும் நேரம் வேறு. 'வீடுதோறும் குடிநீர்: வேட்பாளர் உறுதி' என்று போட்டுவிட்டேன். அவர் ஜெயித்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு வயதான அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மடித்த இடத்தில் தாள் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. "தம்பி, நீங்கதானே போட்டீங்க? இதைக் காட்டினா, நான் அப்படிச் சொல்லவே இல்லேங்கிறாரு."

நிருபரின் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்லவில்லைதான். வெற்றுச் சொல்லுக்குள் தண்ணீரை ஊற்றியவன் நான். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்றார். தாளைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தெளிவாகப் பேசினால் ஆபத்து என்பது அரசியல்வாதிகளுக்குத் தெரியும். 1988இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) புதிய வரி போடமாட்டேன் என்று அடித்துச் சொன்னார். 1990இல் வரி உயர்வுக்குச் சம்மதித்தார். 1992 தேர்தலில் எதிராளிகள் அந்தப் பேச்சையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள், தோற்றார். அதற்காக எல்லாரும் மூடி மறைத்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை. 1997இல் பிரிட்டனின் லேபர் கட்சி ஒரு சின்ன அட்டையில் ஐந்தே வாக்குறுதிகளை அச்சிட்டுக் கொடுத்தது. அதில் ஒன்று, 5, 6, 7 வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்பது. வகுப்புக்குள் போய்த் தலையை எண்ணினால் தெரிந்துவிடும். அப்படி எண்ணிப் பார்க்க இடம் கொடுக்கும் வாக்கியத்தைச் சொல்பவர்மேல், அவர் எந்தக் கட்சியானாலும், எனக்கு மரியாதை வருகிறது.

இப்போதெல்லாம் பேச்சில் உள்ள 'படும்'களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நிருபருக்கே திருப்பி அனுப்புகிறேன். யார், எப்போது, எந்தப் பணத்தில் என்று வேட்பாளரிடம் கேட்கச் சொல்கிறேன். பதில் வந்தால் அதுதான் தலைப்பு. வராத அன்று செய்தியின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்: 'எப்போது என்ற கேள்விக்கு அவர் பதில் அளிக்கவில்லை.'