ஹெட் மேல் பழி போடுவதற்கு முன்

சேலத்தில் பேனர் கடை வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் செய்தால் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "ஹெட் போயிடுச்சுங்க." ஹெட் என்பது பிரிண்டரில் இங்க் தெளிக்கும் பாகம். கோடு விழுந்தாலும் ஹெட், கலர் மாறினாலும் ஹெட், பாதி பேனரில் சிவப்பு காணாமல் போனாலும் ஹெட். பழைய மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். மெஷினுக்கு வயசாகிவிட்டது, ஹெட்டும் அதோடு முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டு, புது ஹெட் என்ன விலை என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

அகலமான பிரிண்டர்களை ரிப்பேர் பார்ப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. நான் பார்த்தவரை பழைய மெஷினில் முதலில் கெடுவது ஹெட்டைச் சுற்றியிருக்கும் விலை குறைந்த சாமான்கள்தான்: இங்க் வரும் டியூப், ஹெட்டுக்குப் போகும் இங்க்கை வடிகட்டித் தாங்கும் டேம்பர், ஓய்வில் ஹெட்டை மூடும் கேப் ரப்பர், டேட்டா கேபிள், எர்த் ஒயர். இருப்பதிலேயே விலை அதிகம் ஹெட் என்பதால் எல்லோருக்கும் அதன் மேல் பயம். பயம் இருக்கிற இடத்துக்கே சந்தேகமும் போய்விடுகிறது.

நம் ஊர்க் கடைகளில் நிறைய பார்க்கக் கிடைக்கும் எப்சன் டிஎக்ஸ் 5 ஹெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 வரிசை, வரிசைக்கு 180 துளை, மொத்தம் 1,440. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் பீசோ என்கிற பொருள் இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது லேசாக நெளியும். அந்த நெளிவில்தான் ஒரு துளி இங்க் வெளியே தள்ளப்படுகிறது. இங்க்கைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளும் வகை ஹெட்டும் உண்டு. அது உழைக்க உழைக்கத் தீய்ந்து போகும், அவ்வப்போது மாற்றியே ஆகவேண்டும். பீசோ ஹெட் அப்படியில்லை. அதற்கு நல்ல இங்க், சுத்தமான கேப், ஒழுங்கான கரண்ட் இந்த மூன்றும் கிடைத்தால் வருஷக்கணக்கில் வேலை செய்யும்.

ஆகவே ஹெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. இன்றைக்கு வராத துளையும் நேற்று வராத துளையும் ஒன்றா? பிரச்சினை எங்கே, எப்போது வருகிறது?

முதல் கேள்விக்குப் பதில் நாசில் செக் தாளில், அதாவது எல்லாத் துளையும் வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கும் சோதனைத் தாளில் இருக்கிறது. காலையில் எடுத்த தாளையும் மாலையில் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். விட்டுப்போன கோடுகள் அதே இடத்தில் அப்படியே இருந்தால் அங்கே அடைப்பு, இல்லையென்றால் அந்தத் துளைக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு. காலையில் இங்கே இரண்டு, மத்தியானம் அங்கே ஐந்து, ஹெட்டிலிருந்து இங்க்கை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் க்ளீனிங் ஒன்று கொடுத்ததும் எல்லாம் வந்துவிட்டது, அப்புறம் வேறு இடத்தில் போனது என்றால் அங்கே காற்று விளையாடுகிறது. இங்க் போகும் வழியில் எங்கேயோ காற்று நுழைகிறது, அல்லது இங்க் வேண்டிய அளவு வந்து சேரவில்லை. ஒரு கலர் முழுக்க ஒரே அடியாக வெள்ளையாகப் போனால் கேபிளையும் போர்டையும் முதலில் பார்க்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல கடைகளில் நல்ல ஹெட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆபரேட்டரிடம் இருக்கிறது. முதலாளியிடம் அநேகமாக இருக்காது.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கடை. ஆறடி எகோ சால்வென்ட் மெஷின் (சால்வென்ட் என்கிற கரைப்பான் கலந்த இங்க்கில் ஓடுவது), பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆடி மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றல். பேனர் கடைகளில் அந்த நாட்களில் ராத்திரி பகல் கிடையாது. நான் உள்ளே போனதும் முதலாளி, "ஹெட் மாத்திடலாம் தம்பி, என்ன விலையானாலும் சரி, எனக்கு டைம் இல்லை" என்றார். மெஷினைப் பார்ப்பதற்கு முன்பே ஹெட்டுக்குப் பணம் புரட்டி வைத்திருந்தார்.

அந்த மெஷினை ஓட்டிய பெண் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்றார். என்னம்மா ஆகுது என்று நானே கேட்டேன். "அண்ணா, மூணடி ரோல் போட்டா ஒண்ணும் ஆகறதில்லைங்க. அகல ரோல் போட்டாத்தான் கொஞ்ச நேரத்துல மெஜந்தா வெளுத்துடுது. க்ளீனிங் குடுத்தா வந்துடுது. திரும்ப அகலமா அடிச்சா திரும்பப் போயிடுது" என்றார்.

இதற்கு மேல் ஒரு ரிப்பேர்காரனுக்கு என்ன வேண்டும்? க்ளீனிங் கொடுத்தால் திரும்பி வருகிறது என்றால் ஹெட்டுக்கு உயிர் இருக்கிறது. மூன்றடி ரோலை அந்த மெஷினில் ஹெட் ஓய்வெடுக்கும் கேப்பிங் இருக்கும் வலது பக்கத்தில் மாட்டுவார்கள். அப்போது ஹெட் இடது கோடிக்குப் போகவேண்டிய வேலையே இல்லை. அகல ரோலில்தான் கோடிவரை போய்த் திரும்புகிறது. ஆகவே கோளாறு ஹெட் இடது பக்கம் போகும்போது மட்டும் வருகிறது. நாசில் செக் தாளில் இன்னொன்றும் தெரிந்தது. மெஜந்தா என்கிற சிவப்பு இங்க்குக்கு இரண்டு வரிசை. இரண்டும் சேர்ந்தே வெளுத்தன. இரண்டு வரிசைக்கும் தனித்தனி டேம்பர். ஒரே சமயத்தில் இரண்டு டேம்பரும் பழுதாகி, இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வது நடக்காத காரியம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பாட்டிலிலிருந்து வந்து ஒரு ஒய் கனெக்டரில் பிரியும் அந்த ஒற்றை டியூப்தான்.

அந்த டியூப் கேபிள் செயின் என்கிற, மடங்கி நகரும் சங்கிலிக்குள் ஓடுகிறது. ஹெட் போக வர, செயின் மடங்கும் இடமும் கூடவே நகரும். டியூப்பின் ஒரு குறிப்பிட்ட இடம், ஹெட் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குப் போகும்போது மட்டும்தான் வளையும். அந்த இடத்தில் விரிசல் இருந்தால் வளையும்போது வாய் திறக்கும், நிமிரும்போது மூடிக்கொள்ளும்.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. டியூப் ஓட்டை என்றால் கீழே இங்க் சொட்டியிருக்க வேண்டுமே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வகை மெஷினில் பாட்டில் ஹெட்டைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. டியூப்பில் இருக்கும் இங்க் எப்போதும் பின்னால் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பு இருப்பதால்தான் துளைகளிலிருந்து இங்க் ஒழுகாமல் நிற்கிறது. அப்படிப்பட்ட டியூப்பில் ஓட்டை விழுந்தால் இங்க் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். ஒரு துளி கறைகூடக் கண்ணில் படாது. இதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை பேருக்குத் தட்டுப்படுவதில்லை.

காட்டிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, மெஜந்தா டியூப்பை ஒய் கனெக்டருக்கு முன்னால் கழற்றி முனையை இறுக்கி அடைத்தேன். செயினின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிறகு மெஜந்தா பாட்டிலை எடுத்து மெஷினின் மேல் தளத்தைவிட உயரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது இழுப்பு போய் அழுத்தம் வந்துவிட்டது. ஹெட்டைச் சுமக்கும் கேரேஜைக் கையால் மெல்ல இடது பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். முக்கால் தூரம் தாண்டியதும் செயின் வளைவில் டியூப்பின் மேல் கடுகளவு மெஜந்தா முளைத்தது. கேரேஜை வலது பக்கம் இழுத்தால் அது பெரிதாகாமல் நின்றது. மறுபடி தள்ளினால் ஊறியது. முதலாளி குனிந்து நான்கைந்து தடவை தன் கையாலேயே கேரேஜைத் தள்ளிப் பார்த்தார்.

அந்த டியூப்பைத் தொட்டபோது கை சொல்லியது. நல்ல டியூப் விரலில் சுற்றினால் வளையும். இது காய்ந்த ஈர்க்குச்சி போல விறைத்திருந்தது. முன்பு எப்போதோ யாரோ ஒருவர் மருந்துக்கடையில் கிடைக்கும் ட்ரிப்ஸ் டியூப்பை வாங்கி மாட்டியிருக்கிறார். அது பிவிசி. அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசையைச் சால்வென்ட் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடும். அப்புறம் வளையும் இடத்தில் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. உயிர் காக்க நோயாளிக்குப் போடும் டியூப் இங்க்குக்கு ஆகாது. சால்வென்ட் தாங்கும் டியூப் என்று கேட்டே வாங்கவேண்டும், மீட்டர் விலையில் கூடுதல் ஒன்றும் பெரிதில்லை. வெட்டி நடுவில் ஜாயின்ட் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டார்கள். செயினுக்குள் ஜாயின்ட் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை, அதுவே அடுத்த ஓட்டை. நான்கு கலருக்கும் முழு நீளத்துக்குப் புது டியூப் போட்டோம். ஒன்றாக வாங்கி ஒன்றாக மாட்டியவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும்.

இன்னொரு கோளாறையும் சொல்லவேண்டும், இதிலும் பழி ஹெட்டுக்கே வரும். பிரிண்டில் ஒரே இடத்தில், மேலிருந்து கீழ்வரை, எழுத்து லேசாக இடம் மாறி இரட்டையாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் கூர்மையாக இருக்கும். இது என்கோடர் ஸ்ட்ரிப்பில் பட்ட கறை. மெஷினின் அகலம் முழுக்க ஓடும் அந்த மெல்லிய பிலிமில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கோடுகள் இருக்கின்றன. அவற்றை எண்ணித்தான் ஹெட் தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. இங்க் புகையும் தூசும் படிந்தால் எண்ணிக்கை தப்பும். சேலத்தில் தூசுக்குப் பஞ்சமில்லை, வெள்ளைக்கல் வெட்டும் பகுதியில் இருக்கும் கடைகளில் இன்னும் மோசம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தால் போதும். ஹெட் கழுவும் சொல்யூஷனால் மட்டும் துடைக்கக்கூடாது. நல்ல சுத்தம் ஆகட்டும் என்று அதைத் தேய்த்து, கோடுகளே அழிந்துபோன ஸ்ட்ரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அது வெறும் பிளாஸ்டிக்.

எர்த் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. விசைத்தறி ஓடும் தெருக்களில் மோட்டார்கள் போடவும் அணைக்கவும் லைனில் ஏற்ற இறக்கம் இருக்கும், அதற்கு யுபிஎஸ் இருக்கிறது. எர்த்துக்கு மாற்று கிடையாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோய்விடும். பிரிண்ட் அடிக்கும் பிளாஸ்டிக் தாளான வினைல் ரோல் உருண்டு பிரியும்போது அதிலேயே நிலைமின்சாரம் ஏறும். இரண்டும் சேர்ந்தால் இங்க் துளி நேராக விழாமல் பனிபோலப் பரவி, எழுத்தைச் சுற்றி நிழல் கட்டும். ஹெட் போர்டுக்கும் ஆபத்து. கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி நான் கேட்காத கடை இல்லை. டேட்டா கேபிளைக் கழற்றுகிறவர்களும் ஸ்விட்சை அணைத்த உடனே கை வைக்கக்கூடாது, போர்டில் தேங்கிய கரண்ட் இறங்கக் கொஞ்சம் நேரம் விடவேண்டும். கேபிள் முனையில் ஒரு சொட்டு இங்க் ஈரம் இருந்து, அதோடு சொருகினால் போர்டும் ஹெட்டும் சேர்ந்து போகும். அந்த ஹெட் மெய்யாகவே போனதுதான்.

ஏற்காட்டில் கதை வேறு. கீழே சேலத்தில் ஓடிய பழைய மெஷினை ஒருவர் வாங்கி, மேலே விடுதிகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போர்டு அடிக்கக் கொண்டுபோனார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிற மெஷின், டேம்பரில் ஒரு சொட்டு இங்க்கூட இருக்கக்கூடாது என்று முன்பே சொல்லி, எல்லாவற்றையும் வடித்துக் கழுவி, கேரேஜைக் கட்டி அனுப்பினோம். அது நல்லபடி போய்ச் சேர்ந்தது. மார்கழி வந்ததும் போன் வந்தது, காலையில் முதல் பிரிண்டில் பாதித் துளை வருவதில்லை, ஹெட் போய்விட்டதா என்று. மத்தியானம் எப்படி என்று கேட்டேன், மத்தியானம் நன்றாகத்தான் வருகிறது என்றார். குளிரில் இங்க் கெட்டியாகிறது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும் அறை அது. மெஷினை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்து, அறையை மூடி, வேலை தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் சூடேற்றச் சொன்னேன். ஈரக்காற்றில் இங்க் காய நேரமாகும் என்பதால் முன் ஹீட்டரைக் கூட்டி, அடித்த வினைலை உடனே சுருட்டாமல் தொங்கவிடவும் சொன்னேன். மே மாசக் கோடை விழாவுக்குப் போர்டு அடிக்கும்போது இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது, அப்போது ஹீட்டரைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய மெஷினை வாங்க யோசிக்கிறவர்கள் என்னைக் கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். அதன் பாகங்கள் கிடைக்கின்றன, போர்டு ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கடன் தவணை கழுத்தைப் பிடிக்காது. ஆனால் மெஷினோடு அதை ஓட்டியவரிடமும் ஒரு மணி நேரம் பேசவேண்டும். விற்கிறவர் ஹெட் எத்தனை வருஷம் ஆனது என்று சொல்வார். எந்த கலர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும்போது மக்கர் செய்யும் என்பதை ஆபரேட்டர்தான் சொல்லமுடியும். அம்மாபேட்டைக் கடையில் அந்தப் பெண் தினமும் காலை எடுக்கும் நாசில் செக் தாளில் தேதி எழுதிக் கோப்பில் போடத் தொடங்கினார். அந்த முதலாளி ஹெட்டுக்கு வைத்திருந்த பணத்தில் டியூப்பும் டேம்பரும் கேப்பும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரும் புதிதாகப் போட்டு, மீதியில் எர்த் குழியையும் புதிதாக எடுத்தார். ஆடி முழுக்க அந்த மெஷின் அதே ஹெட்டோடு ஓடியது. அடுத்து அதில் பார்க்கவேண்டியது கேரேஜ் பெல்ட், பற்கள் தேய ஆரம்பித்துவிட்டன.